இருக்கிறதுல நல்லதா ஒண்ணு

பாட்டில் மேசைக்கு வந்ததும் மற்றவர்கள் ஓப்பனரைத் தேடுவார்கள். பீர் ரசிகர் மூக்குக் கண்ணாடியைத் தேடுவார். லேபிளின் ஓரத்தில் மங்கலாக அடித்திருக்கும் தயாரிப்புத் தேதியை வெளிச்சத்தில் சாய்த்துப் படித்துவிட்டு, "நாலு மாசம் ஆயிருக்கு" என்று உதட்டைப் பிதுக்குவார். உடன் வந்தவர்கள் அதற்குள் முதல் டம்ளரை முடித்திருப்பார்கள்.

இவர் பிறக்கும்போதே இப்படி இல்லை. கல்லூரிக் காலத்தில் கிடைத்ததைக் குடித்தவர்தான். வேலைக்காகப் பெங்களூர் போனார். அங்கே 2010இல் இந்திராநகர் நூறடி ரோட்டில் 'டாய்ட்' திறந்தார்கள். பீரை அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றிக் கொடுக்கிற கடை. யாரோ இவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றிலிருந்து இவர் பீர் 'குடிப்பதில்லை', 'டேஸ்ட்' பண்ணுகிறார். குடித்ததையெல்லாம் 'அன்டாப்ட்' என்ற செயலியில் ஏற்றி, ஐந்துக்கு இத்தனை என்று மார்க் போடுகிறார். கால் மார்க் வரை துல்லியமாகப் போடுவார். சொந்த மகனின் கணக்குப் பேப்பரில்கூட அவ்வளவு நுணுக்கம் காட்டியதில்லை என்பது அவர் மனைவியின் குறை.

இப்படிப்பட்டவரை மாமனார் ஊரான கோவில்பட்டிக்கு ஒரு கல்யாணத்துக்கு அனுப்பிவைத்தால் என்ன ஆகும்?

ரிசப்ஷன் நடக்கும்போதே மச்சினன் காதைக் கடிப்பான். தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருக்கிறவன். அத்தான்மேல் மரியாதை உள்ளவன். இருவரும் நழுவி பாருக்கு வருவார்கள். தமிழ்நாட்டில் 2003 நவம்பரிலிருந்து சில்லறை மது விற்பனை முழுக்க அரசின் டாஸ்மாக் கையில். கடை பகல் பன்னிரண்டுக்குத் திறக்கும், இரவு பத்துக்குச் சாத்தும். லாரியில் எது வந்து இறங்குகிறதோ அதுதான் அன்றைய ரசனை. பார்க்காரத் தம்பி வருவான்.

"தம்பி, என்னென்ன பீர் இருக்கு?"

தம்பி திகைப்பான். அவன் சர்வீசில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. அங்கே கேட்கப்படுகிற ஒரே கேள்வி, "கூலிங் இருக்கா?"

"ஸ்ட்ராங்கு கூலிங் இருக்கு அண்ணாச்சி. லைட்டு இப்பதான் பெட்டியில வச்சிருக்கு."

"ஐபிஏ மாதிரி ஏதாவது...?"

"ஐபிஎல்லா அண்ணாச்சி? டிவி ரிப்பேருல கெடக்கு."

ரசிகர் கண்ணை மூடித் திறப்பார். பிறகு மச்சினனைப் பார்த்துத் திரும்பி உட்காருவார். 'இந்தியா பேல் ஏல்' என்று நம் நாட்டுப் பெயரையே தாங்கிய பீர், நம் நாட்டில் கேட்டால் கிடைக்காத கொடுமையை ஆதியிலிருந்து சொல்வார். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் லண்டன் பக்கத்து 'போ' என்ற இடத்து ஹாட்ஜ்சன் என்பவரின் மதுவாலையிலிருந்து கம்பெனிக் கப்பல்களில் பீப்பாய் பீப்பாயாக ஏறியது. சென்னையிலும் கல்கத்தாவிலும் இருந்த வெள்ளைக்காரர்கள் அதைத்தான் குடித்தார்கள். 1820களில் பர்ட்டன் ஊர்க்காரர்கள் அந்த வியாபாரத்துக்குள் புகுந்தார்கள். கப்பலில் கெடாமல் இருப்பதற்கென்றே, பீருக்குக் கசப்பு தருகிற ஹாப்ஸைக் கூட்டிப் புதிதாகக் கண்டுபிடித்த பானம் அது என்ற கதையைப் பீர் வரலாறு எழுதியவர்கள் இப்போது ஒப்புக்கொள்வதில்லை. போர்ட்டர் என்கிற கறுப்பு பீரும் அதே கப்பல்களில்தான் வந்து இறங்கியது. இது ரசிகருக்கும் தெரியும். ஆனாலும் மச்சினனுக்கு அந்தக் கதையைத்தான் சொல்வார். புயல், அலை, பீப்பாய் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மச்சினன் சொல்வான்: "வெள்ளக்காரன் போகும்போது அதையும் எடுத்துட்டுப் போயிட்டான்னு சொல்லுங்க அத்தான்."

இனி ஆர்டர். இதில் அவருக்கென்று ஒரு சாஸ்திரம் உண்டு. கேலி செய்தாலும் அதில் பாதிக்குமேல் நியாயம் என்றுதான் எனக்குப் படுகிறது. பிராண்டைப் பார்க்காதே, தேதியைப் பார் என்பது முதல் விதி. இங்கே பீர் பாட்டில்களில் பெரும்பாலும் ஆறு மாதக் கெடு போட்டிருக்கும். ஆனால் கெடு முடிகிற அன்றைக்குத்தான் பீர் கெட ஆரம்பிக்கிறது என்று நினைக்கக் கூடாது; அடைத்த நாளிலிருந்தே அதற்கு வயதாகிறது. ஐந்து மாதம் வெயில் தின்ற பேர்பெற்ற பீரைவிட, போன மாதம் அடைத்த பேர் தெரியாத பீர் மேல். அடுத்து, பச்சைப் பாட்டிலும் பழுப்புப் பாட்டிலும் எதிரெதிரே நின்றால் பழுப்பை எடு. வெளிச்சம் பட்டால் ஹாப்ஸில் உள்ள கசப்புப் பொருள் உடைந்து ஒரு நாற்றம் கிளம்பும்; பழுப்புக் கண்ணாடி அந்த வெளிச்சத்தைப் பெருமளவு தடுக்கும், பச்சை அவ்வளவாகத் தடுக்காது. பெட்டிகளை வாசலில் அடுக்கிவைக்கிற கரிசல் காட்டு ஊரில் இது சின்ன விஷயமில்லை. ஸ்ட்ராங் வேண்டாம், லைட்டே போதும் என்பது அவருடைய கொள்கை. நாட்டில் விற்கிற பீரில் பெரும்பகுதி ஸ்ட்ராங்தான் என்பதால், இந்தக் கொள்கை உள்ளவர் அடிக்கடி சோடாவோடு வீடு திரும்ப நேரும்.

கடைசி விதியில்தான் அவர் மானம் போகிறது. நல்ல ஏலை 10, 12 டிகிரியில் குடிக்க வேண்டும், ஐஸில் போட்டால் மணமெல்லாம் செத்துப்போகும் என்று பெங்களூரில் வகுப்பு எடுப்பவர் இவர். ஆனால் சுமாரான பீருக்கு அந்தச் சாவுதான் மோட்சம். நாக்கு மரத்துப் போகிற அளவு குளிர்ந்திருந்தால் குறை ஒன்றும் தெரியாது. ஆக, இத்தனை ஆராய்ச்சிக்கும் பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு அவர் தம்பியிடம் கேட்பது:

"கூலிங்கா இருக்கா?"

முதல் வாய்க்குப் பிறகு அடுத்த தகராறு வரும். "அரிசி போட்டுக் காய்ச்சியிருக்கான் மாப்ள" என்பார், துப்பறிவாளர் குரலில். மச்சினனுக்குப் புரியாது. அரிசி போடுவதில் என்ன குற்றம்? ரசிகர் 1516ஆம் ஆண்டு பவேரியாவுக்குப் போவார். பீரில் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் மூன்றைத் தவிர எதுவும் சேர்க்கக் கூடாது என்று அங்கே அன்றைக்கே சட்டம் போட்டுவிட்டார்கள். அரிசி சேர்த்தால் சுவை மெலியும். அமெரிக்காவில் பட்வைசர்காரன் செய்கிற வேலை அது.

"மூணுதானா? அப்ப ஈஸ்ட் போட வேணாமா அத்தான்?"

ஈஸ்டின் வேலை என்னவென்று 1516இல் தெரியாது, அதனால் சட்டத்தில் அதைச் சொல்லவில்லை. இந்த இடத்தில் ரசிகர் அவித்த முட்டையை எடுத்து மிளகுப்பொடியில் புரட்ட ஆரம்பித்துவிடுவார்.

இரண்டாவது பாட்டிலுக்கு அவர் வேறு மனிதர். லெமன் சோடா ஒன்று வாங்கிவரச் சொல்லி, பாதிக்குப் பாதி கலந்து, "ஜெர்மனியில இதுக்குப் பேரு ராட்லர்" என்று அறிவிப்பார். உண்மைதான், அங்கே வெயில் காலத்தில் லெமனேடு கலந்து குடிக்கிறார்கள். பக்கத்து மேசைப் பெரியவர் இதை முப்பது வருஷமாகச் செய்துவருகிறவர். தன்னை யாரோ ஜெர்மன்காரன் என்று சொல்வதாக நினைத்து ஒரு பார்வை பார்ப்பார். அடுத்து சைடு டிஷ். "பீருக்கு எதிர்ச்சுவை வேணும்" என்று சட்டைப்பையிலிருந்து கோவில்பட்டிக் கடலைமிட்டாயை எடுப்பார். புவிசார் குறியீடு பெற்ற பண்டத்துக்கு இப்படி ஒரு கதி வரும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

நட்சத்திர ஓட்டல் பாரில் இவருடைய துயரம் வேறு மாதிரி. அங்கே லிஸ்ட் தோல் அட்டை போட்டு வரும். விஸ்கிக்கு ஆறு பக்கம், பீருக்குக் கடைசிப் பக்கத்தில் ஓர் ஓரம். அந்த ஓரத்தில் ஹூகார்டன் இருந்துவிட்டால் முகம் மலரும். அதன் கதையும் கூடவே வரும். பெல்ஜியத்தில் செத்துப்போயிருந்த அந்தக் கோதுமை பீர் வகையை, 1966இல் பியர் செலிஸ் என்பவர் மறுபடி காய்ச்ச ஆரம்பித்தார். அவர் பால்காரராக இருந்தவர். அதில் ஆரஞ்சுத் தோலும் கொத்தமல்லி விதையும் போடுவார்கள். "ரசத்துக்கு அரைக்கிற மல்லியா?" என்று மனைவி கேட்பார். விலையைப் பார்த்துவிட்டு அவர் கேட்கிற அடுத்த கேள்வியை இங்கே எழுத வேண்டாம்.

விமான நிலையங்களில் கவலையே இல்லை. உலகத்தின் எந்த மூலையில் லிஸ்ட் கவிழ்ந்தாலும் பீர் ரசிகர்கள் ஓடி ஒளிகிற இடம் கின்னஸ். 1759இல் ஆர்தர் கின்னஸ் டப்ளினில் அந்த மதுவாலையை 9,000 வருஷக் குத்தகைக்கு எடுத்தார். பார்ப்பதற்குத் தார் போல இருந்தாலும் டிராஃப்ட் கின்னஸில் ஆல்கஹால் 4.2 சதவீதம்தான். இவை இரண்டையும் சொல்லாமல் இவர் அதைக் குடித்ததை யாரும் பார்த்ததில்லை. அங்கேயும் ஓர் எச்சரிக்கை உண்டு. கூட்டமில்லாத பாரில் குழாய் பீர் கேட்காதே. பீர் நகராமல் குழாயிலேயே கிடந்து புளித்திருக்கும், பாட்டிலோ கேனோ கேள். இதை மட்டும் நானும் பின்பற்றுகிறேன்.

கொழும்புக்குப் போனால் இவருக்கு லயன் ஸ்டவுட் என்கிற கறுப்பு பீர் இருக்கிறது. நுவரெலியா மலையில் 1881இல் தொடங்கிய மதுவாலையின் வாரிசு அது. "மைக்கேல் ஜாக்சனே பாராட்டின ஸ்டவுட்" என்பார். கேட்பவர் கண் விரியும். அவர் ஆடியவர் இல்லை. 1977இல் உலக பீர்களுக்கு வழிகாட்டி எழுதிய ஆங்கிலேயர். இந்தத் திருத்தத்தை ரசிகர் வேண்டுமென்றே கொஞ்சம் தாமதித்துத்தான் சொல்வார்.

எங்குமே எதுவும் தேறவில்லை என்றால் விஸ்கி. பாட்டிலில் அடைத்தபின் அது அநேகமாக மாறுவதில்லை, தேதி பார்க்க வேண்டியதில்லை. ஆனால் விஸ்கி குடிக்கும் ரசிகரைப் பார்க்கப் பாவமாக இருக்கும். பேசுவதற்கு ஒன்றும் இருக்காது. அப்போதுதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது: லிஸ்ட் மோசமாக இருப்பதில் இவருக்கு உண்மையில் வருத்தமா? துக்கடா மட்டுமே பாடுகிற கச்சேரியில் மாட்டிக்கொண்ட சபா ரசிகர் பாட்டைக் கேட்பதை விட்டுவிட்டுப் பக்கத்து சீட்டுக்காரரிடம் பழைய வித்வான்களைப் பற்றிப் பேசி மகிழ்வாரே, அந்த மகிழ்ச்சி இவரிடமும் தெரிகிறது. பெங்களூரில் நல்ல பீர் முன்னால் உட்காரும்போது இவர் ஊமை. ஹாப்ஸ், கசப்பு, சதவீதம் எல்லாவற்றையும் மெனு கார்டே சொல்லிவிடுகிறது. "போன வருஷம் இதைவிட நல்லா இருந்துச்சு" என்பதற்குமேல் இவருக்கு வசனம் இல்லை. கோவில்பட்டிதான் இவருக்கு மேடை.

மச்சினன் பெங்களூர் வந்தபோது, பழைய கடனைத் தீர்க்க, அத்தான் அவனை டாய்ட்டுக்கே அழைத்துப் போனார். அவன் லிஸ்டை மேலும் கீழும் பார்த்தான். தெரிந்த பேர் ஒன்றுகூட இல்லை. ஸ்ட்ராங் கேட்டான், அவன் கேட்கிற அர்த்தத்தில் இல்லை. கிங்ஃபிஷர் கேட்டான், வெயிட்டர் சிரித்தார். அவன் முகம் வாடிப்போனது. பிறகு சுதாரித்துக்கொண்டு, அத்தான் ஊரில் செய்வாரே அதே மாதிரி, இருக்கிறதில் தனக்கு ஒத்துவருகிற ஒன்றைத் தேடி வரிவரியாக விரலை ஓட்டினான். 'பாஸ்மதி பிளாண்ட்' என்ற இடத்தில் விரல் நின்றது.

"இது எதுல காய்ச்சுறது பிரதர்?"

"பாஸ்மதி ரைஸ் சேர்த்து, சார். எங்க ஸ்பெஷல்."

மச்சினன் ரெண்டு சொன்னான். வெயிட்டர் போன பிறகு அத்தான் பக்கம் திரும்பி, "பவேரியாக்காரனுக்குத் தெரிய வேணாம் அத்தான்" என்றான்.