படுக்கத்தானே!

"ராத்திரி படுக்கத்தானே நைனா, இன்னாத்துக்கு அவ்ளோ துட்டு?" இந்த வாக்கியத்தை யாராவது சட்டம் போட்டுத் தடை செய்தால் வட ஆற்காட்டுப் பக்கம் பாதிச் சண்டை குறையும். இந்த முகூர்த்த சீசனிலும் ஆரணியில் அது ஓய்ந்தபாடில்லை. தி.நகருக்குக் கல்யாண ஜவுளி எடுக்கப் போகிறவர், கிரீம்ஸ் ரோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், மகன் டிக்கெட் எடுத்து அனுப்பி டோக்கியோவைப் பார்க்கப் புறப்படுகிறவர் என்று எல்லோர் வாயிலும் அதே பாட்டுத்தான். ஊருக்கு ஊர் வாடகை மாறுகிறது, நாட்டுக்கு நாடு நாணயம் மாறுகிறது, பாட்டு மட்டும் மாறுவதில்லை. டோக்கியோவில் எந்தப் பகுதியில் தங்குவது நல்லது என்பதைக் கட்டுரையின் முடிவில் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன்னால் இந்த வாக்கியத்துக்கு ஒரு முடிவு கட்டியாக வேண்டும்.

வெளியூரில் அறைக்குக் கொடுக்கிற காசு தூக்கத்துக்கான காசே அல்ல, விழித்திருக்கிற நேரத்துக்கான காசு. இதுதான் என் கட்சி. இதற்கு முதல் சாட்சி "படுக்கத்தானே" என்று சொன்ன அதே ஆள்தான். லாட்ஜ் வாசலில் அவர் கேட்கிற கேள்விகளை வரிசையாக எழுதிப் பாருங்கள். வெந்நீர் எத்தனை மணிக்கு வரும், டிவியில் சன் வருமா, வைஃபை உண்டா, லிஃப்ட் வேலை செய்கிறதா, பக்கத்தில் காபி எங்கே நன்றாக இருக்கும். இதில் எந்தக் கேள்வி தூக்கத்தைப் பற்றியது? தலையணை எப்படி என்று யாரும் கேட்டதாகச் சரித்திரம் இல்லை. அதிலும் இந்த வாதம் ஆரணியில் எழுவதுதான் கொடுமை. "உடம்பை மூடத்தானே புடவை, எதுக்குப் பட்டு, எதுக்கு ஜரிகை?" என்று ஊர் உலகம் கேட்க ஆரம்பித்திருந்தால் இந்த ஊரில் ஒரு தறி ஓடியிருக்காது. புவிசார் குறியீடு வாங்கிய பட்டை நெய்கிற ஊர், புடவையை ஓரமாக நிமிண்டிப் பார்த்தே தரம் சொல்கிற ஊர், அறை என்று வந்தால் மட்டும் கட்டில் இருக்கிறதா என்பதோடு நின்றுவிடுகிறது.

இரண்டாவது சாட்சி கடிகாரம். நம் லாட்ஜுகளில் '24 மணி நேர செக்-அவுட்' என்ற மகத்தான ஏற்பாடு உண்டு. விடியற்காலை பஸ்ஸில் போய் இறங்கிக் காலை ஏழு மணிக்கு அறை எடுத்தால் மறுநாள் ஏழு வரை அது உங்கள் ராஜ்ஜியம். குளித்து, துணி மாற்றி, வெயில் ஏறியதும் திரும்பி வந்து ஒரு மணி நேரம் காலை நீட்டி, வாங்கின மூட்டைகளைப் போட்டுவிட்டு மறுபடி கிளம்பலாம். ஜப்பானில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. பெரும்பாலான ஹோட்டல்களில் பிற்பகல் மூன்று மணிக்குத்தான் அறை தருவார்கள், மறுநாள் பத்து அல்லது பதினொன்றுக்குக் காலி செய்ய வேண்டும். விடிகாலை விமானத்தில் இறங்கியவர் பெட்டியை வரவேற்பில் ஒப்படைத்துவிட்டு மூன்று மணி வரை குளிக்காத உடம்போடு கோயில் கோயிலாகச் சுற்ற வேண்டியதுதான். இரண்டு பேர் என்று பதிவேட்டில் எழுதிவிட்டு, "ஒரு பாய் மட்டும் குடுங்க" என்று ஐந்து பேர் படுக்கிற நம் கலையும் அங்கே செல்லாது. பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. வெளிநாட்டுப் பயணியானால் ஒவ்வொருவர் பாஸ்போர்ட்டையும் பார்ப்பார்கள். எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு வந்த சித்தப்பாவை வராண்டாவில் ஒளித்து வைக்க முடியாது, ஏனென்றால் அங்கே வராண்டாவும் கிடையாது.

அடுத்தது 'ஸ்டேஷன் பக்கத்திலேயே' என்கிற மோசடி. வாடகை குறைவு, அதுவும் ஸ்டேஷன் பக்கத்திலேயே என்றதும் நம் ஆள் விழுந்துவிடுகிறார். ஆரணிக்காரருக்கு இந்த விஷயத்தில் ஏமாற உரிமையே கிடையாது. காட்பாடி–விழுப்புரம் பாதையில் 'ஆரணி ரோடு' என்று ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. அது இருப்பது களம்பூரில். இறங்கி ஆரணிக்கு பஸ் பிடிக்க வேண்டும். ரயில்வேக்காரர்களாவது 'ரோடு' என்று சேர்த்து, ஆரணி இங்கே இல்லை, ஆரணிக்குப் போகிற ரோடு மட்டும் இருக்கிறது என்று மனசாட்சியோடு சொல்லிவிட்டார்கள். சென்னை சென்ட்ரலுக்கு அந்த மனசாட்சியும் இல்லை. 1873-இல் கட்டிய ஸ்டேஷன் நின்ற இடத்திலேயே நிற்கிறது, நகரம் தெற்கேயும் மேற்கேயும் நடந்து எங்கோ போய்விட்டது, பெயர் மட்டும் சென்ட்ரல். பஸ் நிலையம் இதைவிடச் சுறுசுறுப்பு. பாரிமுனையில் இருந்தது 2002-இல் கோயம்பேட்டுக்குப் போனது. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் திறந்ததும் தென்மாவட்ட பஸ்கள் வண்டலூரைத் தாண்டிச் செங்கல்பட்டு மாவட்டத்துக்கே போய்விட்டன. 'பஸ் நிலையம் அருகில்' என்று போர்டு மாட்டிய கோயம்பேட்டு லாட்ஜுக்காரர் பொய் சொல்லவில்லை. லாட்ஜ் நகரவில்லை, பஸ் நிலையம்தான் நகர்ந்தது. சரி, ஜப்பான்காரர்கள் ஒழுங்கானவர்கள், அங்கே இப்படி நடக்காது என்கிறீர்களா? டோக்கியோவின் ஷினகாவா ஸ்டேஷன் ஷினகாவா வார்டில் இல்லை, மினாட்டோ வார்டில் இருக்கிறது. அப்படியானால் ஷினகாவா வார்டில் எது இருக்கிறது? மெகுரோ ஸ்டேஷன். மெகுரோ வார்டுக்காரர்கள் இதை எப்படிப் பொறுத்துக்கொள்கிறார்களோ. 1983-இல் திறந்த டோக்கியோ டிஸ்னிலேண்ட் டோக்கியோவிலேயே இல்லை, பக்கத்து சிபா மாகாணத்தில் இருக்கிறது. நரிட்டா விமான நிலையமும் அதே சிபாவில், டோக்கியோ நடுவிலிருந்து சுமார் 60 கி.மீ. தள்ளி. 2004 வரை அதன் பெயர் புதிய டோக்கியோ சர்வதேச விமான நிலையம். ஷின்ஜுகு ஸ்டேஷன் உண்மையிலேயே ஷின்ஜுகுவில்தான் இருக்கிறது என்று ஆறுதல் அடைந்தால், அதற்கு 200-க்கு மேல் வாசல்கள். ஹோட்டல் எந்த வாசலுக்குப் பக்கம் என்று தெரியாமல் இறங்கினால் ஸ்டேஷனுக்குள்ளேயே ஒரு பொழுது போய்விடும். அங்கே வீட்டு விளம்பரங்களில் நடை ஒரு நிமிடம் என்றால் 80 மீட்டர் என்று விதியே உண்டு. சிக்னலில் நிற்கிற நேரமும் மேடு ஏறுகிற மூச்சும் அதில் சேராது, மூட்டு வலிக்காரருக்குத் தனிச் சலுகையும் கிடையாது. "இந்த வம்பே வேண்டாம், நட்டநடு ஊரில் அறை போடு" என்பவருக்கு ஒரு தகவல். நகரைச் சுற்றி 34.5 கி.மீ. வளையமாக, 30 ஸ்டேஷன்களோடு யாமனோட்டே ரயில் ஓடுகிறது. அந்த வளையத்துக்குள்ளே இருப்பது சக்கரவர்த்தியின் அரண்மனை. அவர் அறை வாடகைக்கு விடுவதில்லை.

எதிர்க்கட்சியின் பெரிய துருப்புச்சீட்டு கேப்சூல் ஹோட்டல். "ஜப்பான்காரனே பெட்டி மாதிரி ஒரு பொந்தில் படுத்துக்கிறான், அப்போ படுக்க இடம் போதும் என்றுதானே அர்த்தம்?" முதல் கேப்சூல் ஹோட்டலை 1979-இல் ஒசாகாவின் உமேடாவில், கட்டடக் கலைஞர் குரோகாவா கிஷோவின் வடிவமைப்பில் திறந்தார்கள். அதற்கு வாய்த்த கூட்டம் யார் என்று பார்க்க வேண்டும். வேலையோ விருந்தோ முடிந்து கடைசி ரயிலைக் கோட்டை விட்ட உள்ளூர் ஆபீஸ்காரர்கள். அவர்களுக்கு வீடு இருக்கிறது, அலமாரி இருக்கிறது, மறுநாள் சாயங்காலம் போய்ப் படுக்கக் கட்டில் இருக்கிறது. கல்யாண ஜவுளி மூட்டையோடும் மூன்று தலைமுறையோடும் அவர்கள் வரவில்லை. அப்படிப்பட்ட ஹோட்டலில்கூடப் பொந்துக்கு வெளியே பொதுக் குளியலறை, உட்கார்ந்து டிவி பார்க்கிற கூடம், லாக்கர் என்று எத்தனை ஏற்பாடு! படுக்க மட்டும் என்று கட்டிய இடமே விழித்திருக்கிறவனுக்குத்தான் பாதி இடத்தை ஒதுக்குகிறது. இது என் கட்சிக்குச் சாட்சி, அவர்கள் கட்சிக்கு அல்ல.

காசு மிச்சமாகிறதே என்பார்கள். மிச்சமான காசு எங்கே போகிறது என்றும் பார்க்க வேண்டும். தாம்பரத்துக்கு அப்பால் மலிவாக அறை போட்டுவிட்டு தி.நகருக்குத் தினம் போய்வருகிறவர், மூட்டை கனத்த பிறகு ஆட்டோவுக்குக் கொடுப்பது அந்த மிச்சம்தான். டோக்கியோவில் நள்ளிரவு தாண்டினால் ரயில் நின்றுவிடும், விடிகாலை வரை டாக்சிதான் கதி, இரவு பத்துக்கு மேல் அதற்குக் கட்டணமும் பத்தில் இரண்டு பங்கு கூடுதல். "நாங்கள் நாள் முழுக்க வெளியேதானே இருப்போம்" என்கிறவர்கள் கேட்கட்டும்: அதனால்தான் அறை கிட்டத்தில் வேண்டும் என்கிறேன். வீட்டிலேயே இருக்கிறவருக்கு வீடு எங்கே இருந்தால் என்ன? இந்த விஷயத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள்தான் தெளிவானவர்கள். 1983-இல் அப்போலோ வந்த பிறகு கிரீம்ஸ் ரோட்டைச் சுற்றித் தங்கும் விடுதிகள் முளைத்ததே அந்தத் தெளிவால்தான். எழும்பூர் ஸ்டேஷனுக்கு எதிரே கென்னத் லேன் லாட்ஜுகளும் அப்படித்தான் பிழைக்கின்றன. எங்கே வேலையோ அதன் வாசலில் தங்குகிறார்கள். உடம்பு சரியில்லாதபோது வருகிற புத்தி, நன்றாக இருக்கும்போது நமக்கு வருவதில்லை.

இனி டோக்கியோவில் எங்கே தங்குவது என்ற விஷயம். நரிட்டாவிலிருந்து நேர் ரயில் வருகிறது என்பதால் உயேனோ நல்லது. பழைய கோயில் பக்கம் வேண்டுமானால் அசாகுசா. தோசை மாவு கிடைக்காமல் செத்துவிடுவோம் என்கிறவர்களுக்கு, இந்தியக் குடும்பங்கள் நிறைந்த எடோகாவா வார்டின் நிஷி-காசாய். மூன்றுக்கும் நியாயம் இருக்கிறது, மூன்றில் ஒன்றை உறுதியாகச் சொல்லவும் காரணங்களை அடுக்கி வைத்திருந்தேன். ஆனால் பிரயோஜனம் இல்லை. டோக்கியோவுக்குக் கிளம்புகிற ஆரணிக் குடும்பம் எதுவானாலும் அதற்கு யோகோஹாமாவில் மாமன் மகனோ, மாமன் மகனின் ரூம்மேட்டோ ஒருவன் இருந்தே தீருவான். அங்கே வாடகை கிடையாது. வாடகை கிடையாத இடத்தில் என் வாதமும் கிடையாது.