தட்டினால் பதில் வரும்

இந்த இதழில்: திருவனந்தபுரத்துப் பேண்டும் அதன் போட்டியும்

அமெரிக்காவில் 'டிரம் அண்டு பியூகிள் கோர்' என்று போட்டி போட்டு வாசிக்கிறார்களாமே, திருவனந்தபுரத்தில் அது உண்டா?
(நாகர்கோவில் வாசகர்)

அந்தப் பெயரில் இல்லை. அதன் ஒன்றுவிட்ட தம்பி உண்டு: கேரளப் பள்ளிக் கலோத்சவத்தின் பேண்டு மேளப் போட்டி. அண்ணனுக்கு ஸ்டேடியம், தம்பிக்குப் பள்ளி மைதானம். நடையும் விறைப்பும் இருவருக்கும் ஒன்றுதான்.

அண்ணனின் ஜாதகம்?
(கோவில்பட்டி வாசகி)

முதல் உலகப் போர் முடிந்து வீடு திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களுக்குக் கொட்டும் பியூகிளும் கைப்பழக்கமாக இருந்தன. முன்னாள் ராணுவத்தினரின் 'அமெரிக்கன் லீஜன்' 1919-இல் பிறந்தது. 1921-லேயே தேசிய அளவில் போட்டி வைத்துவிட்டது. பிறகு சங்கங்களும் தேவாலயங்களும் பிள்ளைகளைச் சேர்த்துக் குழு அமைத்தன. 1971-இல் அந்தக் குழுக்கள் தங்களுக்கென்று 'டிரம் கோர் இன்டர்நேஷனல்' அமைப்பைத் தொடங்கின. அடுத்த ஆண்டு விஸ்கான்சின் மாநிலத்து வைட்வாட்டரில் முதல் பட்டப் போட்டி நடந்தது. வென்றவர்கள் அனஹெய்ம் கிங்ஸ்மென். இப்போது ஒரு குழுவில் 150 பேருக்கும் மேல். வயது 22-ஐத் தாண்டினால் வெளியே. கிளாரினெட், புல்லாங்குழல் வகையறாவுக்கு இன்றும் அனுமதி இல்லை. கிளாரினெட் இல்லாமல் நம் ஊர் பேண்டு செட்டு கல்யாண வீட்டு வாசலையே தாண்டாது.

பியூகிளில் ராகம் வாசிக்க முடியுமா?
(மாவேலிக்கரை வாசகர்)

முதலில் ஸ்வரம் கிடைக்கிறதா பாருங்கள். பழைய பியூகிளில் துளையும் இல்லை, அழுத்தும் பித்தானும் இல்லை. உதட்டை இறுக்கியும் தளர்த்தியும்தான் ஸ்வரம் மாற்ற வேண்டும். ராணுவ அழைப்புகளுக்குப் பயன்படுவது ஐந்தே ஒலி: கீழ் ஸா, பா, மேல் ஸா, அதற்கும் மேலே கா, பா. அந்த கா நம் அந்தர காந்தாரமேதான். மோகனம் பாட ரியும் தாவும் வேண்டும். பியூகிளிடம் இரண்டும் கிடையாது. அதனால்தான் அது பாட்டை விட்டுவிட்டுக் கட்டளையை எடுத்துக்கொண்டது: எழு, சாப்பிடு, விளக்கை அணை. அமெரிக்கப் போட்டிக்காரர்களுக்கு இந்த வறுமை பொறுக்கவில்லை. ஒரு வால்வு, இரண்டு வால்வு என்று சேர்த்துக்கொண்டே போய், 1990-இல் மூன்று வால்வுக்கு அனுமதி வாங்கினார்கள். பெயரில் மட்டும் பியூகிள் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

திருவனந்தபுரத்தில் இந்த விறைப்புச் சங்கீதத்தைக் கொண்டுவந்தது யார்?
(நெய்யாற்றின்கரை வாசகி)

பட்டாளம். 1809-இல் வேலுத்தம்பி தளவாய் கிளர்ந்தெழுந்து தோற்றபின், திருவிதாங்கூர்ப் படையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் பெரும்பாலும் கலைத்துவிட்டார்கள். பிறகு சிறிது சிறிதாகத் திரட்டிய படைக்கு 1830-இல் நாயர் பிரிகேடு என்று பெயர் வந்தது; சுவாதித் திருநாள் ஆண்ட காலம் அது. ஆங்கில அதிகாரி, ஆங்கில டிரில் என்று வந்தால் ஆங்கில பேண்டும் பின்னாலேயே வரும். சண்டை போட வேலை குறைந்த படைக்கு, அரண்மனை வாசலில் அழகாக நடப்பதே முக்கிய உத்தியோகம். சுதந்திரத்துக்குப் பின் திருவிதாங்கூர்ப் படை மெட்ராஸ் ரெஜிமென்டில் கலந்தது. அதன் 9-ஆம் பட்டாலியன் இன்றும் 'திருவிதாங்கூர்' என்ற பெயரைச் சுமக்கிறது. ராஜா போனார், பேண்டைப் போலீஸ் எடுத்துக்கொண்டது.

சாமி ஊர்வலத்தில் போலீஸ் பேண்டுக்கு என்ன வேலை?
(தென்காசி வாசகர்)

பத்மநாப சுவாமி திருவிதாங்கூர் ராஜ்யத்துக்கே அதிபதி. 1750-இல் மார்த்தாண்ட வர்மா நாட்டை அவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, தாம் வெறும் தாசன் என்றார். அரசர் வெளியே போனால் அணிவகுப்பு வேண்டாமா? பங்குனி, ஐப்பசி இரண்டு ஆராட்டுக்கும், அதாவது சாமியின் நீராட்டுக்கும், ஊர்வலம் சங்குமுகம் கடற்கரைக்குப் போகிறது. வழியில் விமான ஓடுபாதை குறுக்கிடும். பாதை 1932-இல் வந்தது, சாமி அதற்கு முன்னாலேயே போய்க்கொண்டிருந்தார். ஆகவே விமானங்கள் மணிக்கணக்கில் காத்திருக்கின்றன. ரன்வேயில் சாமிக்கு முன் அணிவகுத்துப் போகும் பாக்கியம் வேறு எந்த ஊர் பேண்டுக்கு உண்டு?

இதில் தமிழர்களுக்குப் பங்கே இல்லையா?
(தஞ்சாவூர் வாசகர்)

உங்கள் ஊரிலிருந்து இந்தக் கேள்வியா! இரண்டாம் சரபோஜியின் அரண்மனையிலேயே ஐரோப்பிய பேண்டு இருந்தது. முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கில மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்று சுமார் 40 உருப்படிகள். பிரிட்டிஷ் ராஜாவை வாழ்த்தும் மெட்டில் அவர் வேறொரு தெய்வத்தை வாழ்த்தினார். அவருடைய சீடரும் தஞ்சை நால்வரில் ஒருவருமான வடிவேலு, திருவனந்தபுரம் போய் சுவாதித் திருநாளிடம் யானைத்தந்த வயலின் பரிசு வாங்கினார். இன்னும் பங்கு வேண்டுமானால் நவராத்திரிக்கு முன் களியக்காவிளைக்கு வாருங்கள். பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும் வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் எல்லை கடப்பார்கள். கேரளப் போலீஸ் பேண்டு வாசித்து வரவேற்கும். 1956 நவம்பர் 1-இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டுக்கு வந்தது. சாமிகள் மட்டும் பழைய தலைநகருக்குப் போய்வருவதை நிறுத்தவில்லை.

கலோத்சவம் என்றால் நம் பள்ளி ஆண்டுவிழா மாதிரியா?
(திருச்சி வாசகி)

ஆண்டுவிழாவில் தலைமையாசிரியர் தூங்குவார். இங்கே மாநிலமே தூங்காது. 1957-இல் எர்ணாகுளத்தில் சுமார் 200 பிள்ளைகளோடு தொடங்கியது. 2025 ஜனவரி 4 முதல் 8 வரை திருவனந்தபுரத்தில் நடந்தபோது 249 போட்டிகள், 25 மேடைகள். ஒவ்வொரு மேடைக்கும் ஒரு நதியின் பெயர். சென்ட்ரல் ஸ்டேடியத்தின் முதன்மை மேடைக்கு, அதற்குச் சில நாள் முன்பு மறைந்த எழுத்தாளர் எம்.டி. வாசுதேவன் நாயரையும் சேர்த்து 'எம்.டி. நிளா' என்று பெயர் வைத்தார்கள். வெல்லும் மாவட்டத்துக்கு 117.5 பவுன் தங்கக்கோப்பை. யோசனை கவிஞர் வைலோப்பிள்ளியுடையது. ஒரு கவிஞர் தங்கத்தைப் பற்றி யோசித்து அது நடந்தும்விட்டதென்றால், ஊரின் மதிப்பை நீங்களே கணக்கிடுங்கள்.

போட்டி அவ்வளவு நெருக்கமானதா?
(மதுரை வாசகர்)

2025-இல் திருச்சூர் 1008, பாலக்காடு 1007. ஏ கிரேடுக்கே 5 புள்ளி. மாவட்டத்தில் தோற்றவர் அப்பீல் போடலாம், பணம் கட்டலாம், நீதிமன்றம்கூடப் போகலாம். 2015-இல் கோழிக்கோடும் பாலக்காடும் கோப்பையைப் பங்கு போட்டுக்கொண்டன. அமெரிக்காவிலும் இதே கதைதான்: 1996, 1999, 2000 மூன்று ஆண்டும் முதலிடத்தில் இரண்டு குழுக்கள். நூற்றுக்குத் தசமத்தில் மார்க் போட்டும் பிரிக்க முடியவில்லை!

நடிகை மஞ்சு வாரியர் மாதிரி பேண்டிலிருந்து ஏன் ஒரு நட்சத்திரமும் வரவில்லை?
(சென்னை வாசகர்)

அவர் கலோத்சவத்தில் கலாதிலகம் பட்டம் வாங்கியவர். நாட்டியத்தில் முகம் தெரியும். பேண்டில் முகம் தெரிந்தால் யாரோ வரிசை தவறிவிட்டார் என்று அர்த்தம்.

செண்டை இருக்கும் ஊரில் டிரம் எதற்கு?
(பாலக்காடு வாசகர்)

இரண்டும் தோல், இரண்டும் குச்சி, காலக்கணக்கு மட்டும் நேர் எதிர். பஞ்சாரி மேளம் 96 அட்சரத்தில் ஆரம்பித்து 48, 24, 12, 6 என்று பாதி பாதியாகச் சுருங்கி வேகமெடுக்கும். கேட்பவன் கை தானாக மேலே போகும். பேண்டுக்கு அந்த உரிமை இல்லை. நிமிடத்துக்குச் சுமார் 120 அடி என்றால் கடைசிவரை அதேதான். உற்சாகத்தில் கூடினாலும் குற்றம், களைப்பில் குறைந்தாலும் குற்றம். செண்டைக்காரருக்கு வேகம் பிடிப்பதில் பெருமை, பேண்டுக்காரருக்கு அதை அடக்குவதில். கலோத்சவத்தில் செண்டை மேளமும் உண்டு, பேண்டும் உண்டு. இரண்டையும் ஒரே நாளில் கேட்டவர்களுக்கு இந்த வித்தியாசத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

டிரம் மேஜர் தண்டத்தைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கிறாரே, விழுந்துவிட்டால்?
(வள்ளியூர் வாசகி)

பேண்டு நிற்காது, அவர் மட்டும் நின்றுவிடுவார். விளையாட்டை விடுங்கள், நில், திரும்பு, வாசிப்பை முடி எல்லாமே அந்தத் தண்டத்தின் அசைவில்தான். பின்னால் வருபவர்களுக்கு அவர் முகம் தெரியாது, முதுகும் கோலும்தான் தெரியும்.

கருவிகள் எங்கே கிடைக்கும்?
(ஆற்றிங்கல் வாசகர்)

நாட்டின் பித்தளைக் கருவிகளுக்கு மீரட் நகரத்து ஜலி கோட்டிப் பகுதிதான் தலைநகரம். அங்கே நாதிர் அலி கம்பெனி 1885-இல் தொடங்கியது.

பேண்டுப் போட்டியைச் சினிமாவில் பார்க்கலாமா?
(கோவை வாசகர்)

லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் 'ஆமென்', 2013. குட்டநாட்டுத் தேவாலய பேண்டு, கிளாரினெட்காரனாக ஃபகத் ஃபாசில். காதலுக்கே பேண்டுப் போட்டியில் தீர்ப்பு!

அமெரிக்கா அளவுக்கு இங்கே ஏன் வளரவில்லை?
(கொல்லம் வாசகர்)

அங்கே குழு பள்ளிக்கு வெளியே இருக்கிறது. பையன் பள்ளியை முடித்தாலும் கோடைதோறும் திரும்பி வரலாம். இங்கே பேண்டு பள்ளியின் சொத்து. பாதுகாப்பு, கல்வி அமைச்சகங்கள் நடத்தும் தேசியப் பள்ளி பேண்டுப் போட்டியில் பையன்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாகப் பித்தளை பேண்டு, பைப் பேண்டு என நான்கு பிரிவுகள். டெல்லி வரை போகலாம். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் கருவியை அலமாரியில் வைத்துச் சாவியை ஆசிரியரிடம் கொடுக்க வேண்டியதுதான். திருவனந்தபுரத்து பேண்டு ராஜாவுக்கு வாசித்தது, போலீஸுக்கு வாசித்தது, சாமிக்கு வாசித்தது. தனக்காக வாசிப்பது பள்ளிப் போட்டியில் மட்டும்தான். அதுவும் பதினேழு வயதில் முடிந்துவிடுகிறது. பழைய மாணவர்களுக்கென்று நகரத்தில் ஒரு குழு அமைத்தால், நடுவர் நாற்காலிக்கு நான் போட்டியிட மாட்டேன் என்று எழுதித் தருகிறேன்.

என் மகன் பேண்டில் சேரத் துடிக்கிறான். எந்தக் கருவி நல்லது?
(வர்க்கலை வாசகி)

பேஸ் டிரம். சுமை பெரிது, புகழ் சிறிது, ஆனால் தவறு செய்தால் மைதானம் முழுக்கக் கேட்கும். கணக்குப் பாடத்துக்கு இதைவிட நல்ல டியூஷன் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரரிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.