அட்டைப் பெட்டியும் அப்பிராணிப் பயலும்

ஏலே தம்பி, மூணு வயசுப் பயலுக்கு வகை பிரிக்கப் படிச்சுக்குடுக்கணும்னு பட அட்டைப் பெட்டி வாங்கியாந்திருக்கியாமே? பழம் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம், மிருகம் ஒரு பக்கம். பளபளன்னுதான் இருக்கு. ஸ்ட்ராபெரி இருக்கு, கொடுக்காப்புளி எங்கடே? யானையும் எலியும் ஒரே பருமன்ல நிக்குதே, பெருசு எது சிறுசு எதுன்னு பய எதை வச்சுப் பிரிப்பான்?

அவன் மாட்டையும் புல்லையும் சோடி சேத்துட்டானாம். தப்புன்னுட்டாவளாம் டீச்சரம்மா. நீ ராத்திரி பூரா உறங்கலியாம். அட கூறுகெட்டவனே, மாடு புல்லைத் திங்காம ஒன் அட்டையவா திங்கும்?

இந்தக் கூத்து பழசு. 1931-ல லூரியான்னு ஒரு ரஷ்யாக்காரரு உஸ்பெகிஸ்தான் சம்சாரிகள்ட்ட படம் காட்டுனாரு. சுத்தியல், ரம்பம், கோடாலி, மரக்கட்டை. இதுல சேராதது எதுன்னு கேட்டாரு. கட்டையைத் தள்ளுவாவன்னு அவருக்கு நெனப்பு. எழுதப் படிக்கத் தெரியாதவுக பல பேரு தள்ளவே மாட்டோம்னுட்டாவ. கட்டை இல்லாம ரம்பத்துக்கு என்ன சோலி? கொஞ்ச நாள் பள்ளிக்கூடம் போனவுக மட்டும் டக்குனு கட்டையத் தள்ளி வச்சாவ. அப்ப அது மூளைக் கோளாறாலே? பழக்கம்டே, பழக்கம். ஒம் பயலுக்கும் வரும்.

சுவிட்சர்லாந்துல பியாஜேன்னு ஒருத்தரு பச்சப்புள்ளைகளையே பாத்துக்கிட்டுக் கெடந்தாரு. செவப்பு வட்டத்தோட செவப்புச் சதுரத்தை வைக்கும். அடுத்தாப்புல அந்தச் சதுரத்தைப் பாத்து நீலச் சதுரத்தைக் கொண்டாந்து சேக்கும். பாதி வழியில கணக்கு மாறிரும். அந்த வயசு அப்பிடி. நீ என்னடான்னா பயலுக்கு மார்க்குப் போடுத!

சரி, அட்டை வாங்குன காசு வாங்குனதுதான், பரண்ல போடாத. பய எங்க வச்சாலும், "ஏம்ல இங்க வச்சே?"ன்னு மட்டும் கேளு. சொல்லட்டும். பெறவு, "இதையே வேற மாதிரி பிரிப்போமா?"ன்னு கேளு. கொடியில காஞ்ச துணி கெடக்குல்லா? ஒங்கது, அவனுதுன்னு பிரிக்கட்டும். அதையே கலைச்சுப்போட்டு நெறம் பாத்துப் பிரிக்கட்டும். ஒரே குவியலை ரெண்டு விதமா பிரிக்கலாம்னு தெரிஞ்சாலே பாடம் பாதி முடிஞ்சுது. அதுக்கு எந்தக் கடையில பெட்டி விக்கான்?

சமையக்கட்டுல பெரிய வெங்காயம், சின்ன வெங்காயம் பிரிக்கட்டும், தப்பில்ல. மொச்சை, பயறு மட்டும் இப்பம் கையில குடுத்துறாத. மூக்குல போட்டுக்கிடுவான்.