கிரெடிட் டாக்டர்

வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை என்று ஊருக்கே தெரியும். எங்கள் டாக்டர் கிளினிக்குக்கு எந்த ஞாயிறு விடுமுறை என்று டாக்டருக்கே தெரியாது. திடீரென்று ஷட்டரில் அட்டை தொங்கும்: 'டாக்டர் சி.எம்.இ. சென்றுள்ளார்.' "அது எந்த ஊருப்பா, தூரமா?" என்று கம்பவுண்டரைக் கேட்ட பாட்டி உண்டு.

ஊரல்ல, தொடர் மருத்துவக் கல்வி. மருத்துவர் 5 ஆண்டில் 30 மணி நேரமாவது இதற்குப் போய் உட்கார வேண்டும் என்பது இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நெறிமுறை விதி. வகுத்துப் பார்த்தேன். நாளுக்கு ஒரு நிமிஷம்கூட முழுசாக வரவில்லை; அடுப்பில் வைத்த பால் சூடாகாது. இதற்கே நம் டாக்டர் நாலு வருஷம் சும்மா இருந்துவிட்டு, ஐந்தாம் வருஷம் ஆடித் தள்ளுபடிக்கு ஓடுவதுபோல ஓடுகிறார். "ரிஜிஸ்ட்ரேஷன் ரின்யூவலுக்கு இன்னும் பதினோரு மணி நேர கிரெடிட் இடிக்குதுய்யா" என்று நாடியைப் பிடித்தபடியே என்னிடம் புலம்புவார்.

காலையிலேயே கிளாம்பாக்கத்துப் பேருந்து நெரிசலைத் தாண்டி, நகரத்து ஹோட்டலில் ஆஜர். கையெழுத்துப் போடுவார், பையை வாங்குவார். அந்தப் பைகள்தான் வீடு நிறைய. அவர் வீட்டம்மா கத்தரிக்காயை 'நீரிழிவு மாநாட்டி'லும் கருவாட்டை 'இதய நல கருத்தரங்கி'லும் போட்டுத் தூக்கி வருவார். டாக்டர் கடைசி வரிசை ஆசாமி. பிரியாணிக்குப் பிந்தைய உரையில் அவர் தலை ஆடும் ஆட்டம், மேடையில் இருப்பவருக்கு ஆமோதிப்பாகத் தெரியுமாம். கேள்வி நேரத்தில் மட்டும் விழித்துக்கொள்வார்: "சர்டிபிகேட் கையிலேயே தந்துடுவீங்களா, மெயில்லயா?"

போன மாதம் ஒரு திங்கட்கிழமை சளி, காய்ச்சலோடு போனேன். வழக்கமாக நான் நாக்கை நீட்டுவதற்குள் அவர் ஊசியை நீட்டிவிடுவார். அன்று ஊசி வரவில்லை. "இது வைரஸ் காய்ச்சல். ஆன்டிபயாட்டிக் வைரஸை ஒண்ணும் பண்ணாது. கஞ்சி குடிங்க, ரெண்டு நாள் படுங்க." தலையாட்டலுக்கு நடுவே எதுவோ காதில் விழுந்து தொலைத்திருக்கிறது!

வெளியே பெஞ்சில் சலசலப்பு. "ஊசி போடாத டாக்டருக்கு எதுக்குய்யா முந்நூறு ரூபா?" அந்த வாரமே பாதிக் கூட்டம் ஊரப்பாக்கம் பக்கம் வேறு டாக்டரைத் தேடிப் போய்விட்டது. நானும்தான். அங்கே இரண்டு ஊசி போட்டார்கள்.

காய்ச்சல் ஐந்தாம் நாள்தான் விட்டது.