மாவு பொங்காத ஆம்ப்

அந்தக் காலத்தில் ஆம்ப்ளிஃபயரின் தரத்தை நாங்கள் காதால் அளந்ததில்லை, இடுப்பால் அளந்தோம். தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டால் நல்ல செட்டு.

1985-ல் ரிச்சி தெருவில் ஒரு மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து செட்டு கட்டிக்கொடுத்த மாஸ்டரின் கொள்கை அது. "தம்பி, கனமில்லாத செட்டுல கனமான சத்தம் எப்படி வரும்?" என்பார். லின்ஸ்லி ஹூட் என்ற ஆங்கிலேயர் 1969-ல் 'வயர்லெஸ் வேர்ல்டு' இதழில் எழுதிய 10 வாட்ஸ் கிளாஸ் ஏ சர்க்யூட், நகலின் நகலாக, அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அதைப் பார்த்து 2என்3055 டிரான்சிஸ்டர்களை வைத்து எனக்கொன்று கட்டினார். ஒன்பது கிலோ. ஆட்டோக்காரர் லக்கேஜுக்குத் தனியாகக் கேட்டார்.

கிளாஸ் ஏ என்பது மாதச் சம்பள உத்தியோகம். பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் முழு கரண்ட்டையும் வாங்கிக்கொள்ளும். ஒரு சேனலில் 10 வாட்ஸ் இசை வர, 30 வாட்ஸுக்கு மேல் செலவு. மீதி அத்தனையும் சூடு. கிளாஸ் பி, ஷிஃப்ட் வேலை. அலையின் மேல் பாதியை ஒருவர் சுமப்பார், கீழ்ப் பாதியை இன்னொருவர். ஷிஃப்ட் மாறும் இடத்தில் சத்தம் பிசிறும். முன்னவர் கிளம்புவதற்குள் பின்னவரை வரச் சொன்னால் அது ஏபி. ஊரில் பெரும்பாலான செட்டு அந்த ரகம்தான். எங்களுக்கு அந்த ரகத்தின் மேல் ஓர் இளக்காரம்.

சித்திரையில் என் அறையில் ஃபேனும் ஆம்பும் எதிரெதிர்க் கட்சிகள். மார்கழியில் மட்டும் ஆம்புக்கு வீட்டில் மரியாதை. அம்மா மாவுச் சட்டியை அதன் பக்கத்துத் தட்டில் வைப்பாள். பத்து மணிக்குப் பாட்டு முடிந்தாலும், "செட்டை அணைச்சிடாதேடா" என்பாள். விடிந்தால் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும்.

நாற்பது வருஷம் கழித்து, போன தீபாவளிக்கு மகன் ஒரு கிளாஸ் டி ஆம்ப் வாங்கிக்கொடுத்தான். இட்லிப் பொட்டலம் அளவு. "டி-ன்னா டிஜிட்டல்ப்பா" என்றான். இல்லை, ஏ, பி, சி-க்கு அடுத்த எழுத்து, அவ்வளவுதான். இதில் டிரான்சிஸ்டர் ஒரு சுவிட்ச். முழுதாகத் திறக்கும் அல்லது முழுதாக மூடும், விநாடிக்குச் சில லட்சம் தடவை. இசை ஏறி இறங்குவதற்கேற்ப, திறந்திருக்கும் நேரம் கூடும், குறையும். கடைசியில் ஒரு காயிலும் கெப்பாசிட்டரும் அந்தத் துடிப்பை வடிகட்டிவிட்டு அலையை மட்டும் ஸ்பீக்கருக்கு அனுப்பும். டிரான்சிஸ்டர் பாதி திறந்து நிற்கும்போதுதான் சூடு அதிகம். இங்கே பாதி என்ற பேச்சே இல்லாததால், உள்ளே போகும் மின்சாரத்தில் 90 சதவீதம் வரை ஸ்பீக்கருக்கே போகிறது.

மாஸ்டர் இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டார். அதற்குக் காரணமும் உண்டு. 1964-ல் கிளைவ் சின்க்ளேர் விற்ற எக்ஸ்-10 என்ற கிளாஸ் டி கிட்டுக்குப் பத்து வாட்ஸ் என்று பெயர். கிடைத்தது அதில் சொற்பம். பிறகு வந்தவற்றிலும் ஒரு நோய் இருந்தது. வடிகட்டி, ஃபீட்பேக்குக்கு, அதாவது வெளியே வருவதை உள்ளே போனதோடு ஒப்பிட்டுத் திருத்தும் சுற்றுக்கு, வெளியே நின்றதால், ஸ்பீக்கரை மாற்றினால் மேல் ஸ்தாயியின் குணமும் மாறியது. பிலிப்ஸில் இருந்த புரூனோ புட்சைஸ் 2001 வாக்கில் ஃபீட்பேக்கை வடிகட்டியைத் தாண்டி எடுத்து அதைக் குணப்படுத்தினார். பின்னர் அவர் ஹைபெக்ஸ், ப்யூரிஃபை நிறுவனங்களுக்குச் செய்த ஆம்ப்களில் சிதைவைக் கண்டுபிடிக்க உயர்ரக அளவுக் கருவிகளே தேவைப்படுகின்றன. மாறாக, பழைய வால்வு ஆம்பின் 'இதம்' என்று நாங்கள் உருகியதில் பெரும்பங்கு, அது தானாகச் சேர்த்துக்கொண்ட சிதைவு.

படித்ததெல்லாம் சரி, காது ஒப்பவேண்டாமா? கண்ணை மூடிக்கொண்டேன். மனைவி சத்தத்தைச் சமமாக வைத்து, அதே வீணைப் பதிவை இரண்டிலும் மாற்றி மாற்றிப் போட்டாள். "இது கிளாஸ் ஏ, தம்புரா சுருதி பார், அடடா!" என்றேன். எட்டுத் தடவையில் மூன்று சரி. ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தைச் சுண்டியிருந்தால் என்னைவிட நன்றாகச் சொல்லியிருக்கும்.

குற்றம் ஆம்பிலா, காதிலா? போனில் தனிச் சுருதிகளை ஓடவிட்டுப் பார்த்தேன். 9,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எனக்குப் பரம நிசப்தம். 15,000-ல் பேரன் பக்கத்து அறையிலிருந்து காதைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தான்: "தாத்தா, நிறுத்துங்க!"

பல் இருக்கிறவன் பக்கோடா தின்பான் என்பார்கள். எனக்குப் பல் இருந்த காலத்தில் என் கேசட்டுகள் 12,000-லேயே மூச்சு வாங்கின. இன்று பக்கோடா 20,000 வரை மொறுமொறுவென்று தட்டில் இருக்கிறது.

ஆக, கிளாஸ் டி என் காதை ஜெயித்துவிட்டது. வீட்டை ஜெயிக்கவில்லை. மார்கழி பிறந்ததும் மனைவி மாவுச் சட்டியைப் புது ஆம்பின் பக்கத்தில் வைத்தாள். காலையில் மாவு கரைத்தபடியே கிடந்தது. "என்னங்க, இதுல சூடே இல்லையே? நல்ல செட்டுன்னு சொன்னீங்க?"

பழைய செட்டு இப்போது சமையலறை அலமாரியில் இருக்கிறது. ஸ்பீக்கர் வயர் கிடையாது. ராத்திரி பூராவும் ஒரு பாட்டும் பாடாமல் முழுச் சம்பளம் வாங்குகிறது.