ஆகாசப் புளுகு

சாட்சி செத்துவிட்டானா என்று விசாரித்துக்கொண்டு பொய் சொல்லவேண்டும் என்பது சில்லறைத் திருடனுக்குக்கூடத் தெரிந்த தொழில் ஒழுங்கு. 1960 மே மாதம் அமெரிக்க வல்லரசு அதைக் கோட்டை விட்டது.

மே 1 அன்று பெஷாவரிலிருந்து ஒரு யூ-2 உளவு விமானம் கிளம்பியது. சுமார் 70,000 அடி உயரத்தில் சோவியத் யூனியனைக் குறுக்கே கடந்து, வழியெல்லாம் படமெடுத்து, நார்வேயில் இறங்குவதாக ஏற்பாடு. ஸ்வெர்த்லோவ்ஸ்க் பக்கம் ஏவுகணை பாய்ந்தது. சி.ஐ.ஏ. விமானி கேரி பவர்ஸ் பாராசூட்டில் பத்திரமாகத் தரையிறங்கிப் பிடிபட்டார். விமானி உயிரோடு அகப்படவே மாட்டான் என்று அதிபர் ஐசன்ஹோவரிடம் ஏற்கெனவே அடித்துச் சொல்லியிருந்தார்கள்.

அந்தத் தெம்பில் வாஷிங்டன் கயிறு திரித்தது. அது நாசாவின் வானிலை விமானமாம். துருக்கியில் ஓர் ஏரிக்கு மேலே பறக்கையில் ஆக்சிஜன் கோளாறு என்று விமானி சொன்னாராம். பாவம், தடம் மாறி எல்லை தாண்டியிருப்பாராம். கதைக்குத் தோதாக இன்னொரு யூ-2வுக்கு நாசா பெயரையும் இல்லாத எண் ஒன்றையும் எழுதி, பெயின்ட் வாசனை போவதற்குள் நிருபர்களைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். சோவியத் வானில் வேண்டுமென்றே நுழைந்ததில்லை, என்றைக்குமே நுழைந்ததில்லை என்று வெளியுறவுத் துறை கற்பூரம் அடிக்காத குறையாக மறுத்தது.

சோவியத் தலைவர் குருஷேவோ விமானத்தை வீழ்த்தினோம் என்பதோடு நிறுத்திக்கொண்டு, விமானியைப் பற்றி மூச்சு விடவில்லை. அந்த மனிதர் வாயை மூடிக்கொண்டிருப்பதே ஏவுகணை விடுவதைவிடக் கஷ்டமான காரியம். இரண்டு நாள் பல்லைக் கடித்துப் பொறுத்தார். மே 7 அன்று சோவியத் நாடாளுமன்றச் சபையில் எழுந்து, உங்களிடம் ஒரு ரகசியம் சொல்லவேண்டும் என்று ஆரம்பித்தார்: விமானி உயிரோடு, சௌக்கியமாக, எங்களிடம் இருக்கிறான்! பிறகு கடை விரித்தார். உளவுப் படங்கள், விஷ ஊசி, ரூபிள் நோட்டுகள், தங்கக் காசு, கடிகாரம், பெண்கள் அணியும் மோதிரம். வானிலை ஆராய்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு, செவ்வாய் கிரகத்துச் சீமாட்டிகளை மயக்கவா என்று அவர் கேட்க, சபை சிரித்து உருண்டது.

நீதிபதியாக உட்கார்ந்த இவர் ஒன்றும் அரிச்சந்திரன் வீட்டுப் பிள்ளை இல்லை. அன்றைய களேபரத்தில் சோவியத் ஏவுகணை சொந்த மிக்-19 ஒன்றையும் வீழ்த்தி, செர்கெய் சஃப்ரோனோவ் என்ற சொந்த விமானியைக் கொன்றது. அதைப் பல்லாண்டுகள் அமுக்கி வைத்தார்கள். ஏவுகணைகளைத் தொழிற்சாலையில் சாசேஜ் மாதிரி தள்ளுகிறோம் என்று டமாரம் அடித்துக்கொண்டிருந்தவரும் இவரே. அது டூப்பு என்று ஐசன்ஹோவருக்குத் தெரியும். யூ-2 படங்கள்தான் காட்டிக்கொடுத்தன. ஆனால் 'நீ புளுகுகிறாய்' என்று சொன்னால் 'நான் சுவரேறிப் பார்த்தேன்' என்றும் சொல்லவேண்டுமே! அந்தப் பக்கமும் இதே கதை. 1956 முதலே ராடாரில் யூ-2 தெரிந்தது. சுட முடியாத வெட்கத்தில் குருஷேவ் ஊரைக் கூட்டவில்லை. ஆக, ஒருவர் பொய்யை மற்றவர் நான்கு வருஷம் பொத்திப் பாதுகாத்தார்.

அதிபருக்குத் தெரியாமல் கீழே உள்ளவர்கள் செய்திருப்பார்கள் என்று குருஷேவ் ஒரு பின்வாசலைக்கூடத் திறந்து வைத்தார். ஐசன்ஹோவர் அதில் நுழையாமல், எல்லாம் என் பொறுப்பு என்று மே 11 அன்று ஒப்புக்கொண்டார். உண்மை வெளிவந்ததும் காரியம் கெட்டது. மே 16 அன்று பாரிஸ் உச்சி மாநாட்டில் குருஷேவ் மன்னிப்புக் கேட்கச் சொல்ல, மாநாடு படுத்துவிட்டது.

இதற்கிடையே ஏவுகணையில் ரஷ்யாவை விடப் பின்தங்கிவிட்டோம் என்று தேர்தல் மேடையில் முழங்கி கென்னடி ஜெயித்தார். 1961 பிப்ரவரியில், பதவியேற்ற மூன்றாவது வாரமே, அவருடைய பாதுகாப்பு அமைச்சர் மக்னமாரா நிருபர்களிடம் பின்தங்கலாவது ஒன்றாவது என்று உளறிவிட்டார். அவர் சொன்னது உண்மை. வெள்ளை மாளிகை உடனே மறுப்பு வெளியிட்டது.