14 வீத ஈரம்

சோறு தின்பவனுக்கான விலை 2024 டிசம்பரிலேயே வந்துவிட்டது. நாட்டரிசியைக் கிலோ 230 ரூபாவுக்கு மேல் விற்கக்கூடாது என்று வர்த்தமானி. நெல் விளைவித்தவனுக்கான விலை வந்தது 2025 பெப்ரவரி 5ஆம் திகதி: கிலோவுக்கு நாடு நெல் 120, சம்பா 125, கீரிச் சம்பா 132 ரூபா. அதற்குள் வன்னியில் பல வயல்களில் வெட்டு மெசின் இறங்கி ஏறிவிட்டது. நெல்லும் லொறி ஏறிவிட்டது. மிச்சமிருந்தவர்களுக்கு ஒரு நிபந்தனை: அரசின் நெல் சந்தைப்படுத்தும் சபைக்குக் கொண்டுவரும் நெல்லில் ஈரம் 14 வீதத்தைத் தாண்டக்கூடாது.

மெசின் வெட்டிய பச்சை நெல்லை எங்கே காயவிடுவது? அதற்கு அரசாங்கம் களம் போட்டுத் தந்திருக்கிறதே, பரந்தன் முல்லைத்தீவு வீதி! ஒரு பக்கம் பஸ், மறுபக்கம் நெல். மனுசி காலால் கிளறுவா. பள்ளிக்கூடம் விட்டுவந்த பிள்ளை மாடு கலைக்கும். மானம் கறுத்தால் வீடே தறப்பாளோடு ஓடும். இந்தக் கூலியை யாரும் கொப்பியில் எழுதுவதில்லை. சம்பளம் கேட்காத வேலையாட்களுக்குத்தான் குடும்பம் என்று பெயர்.

பிறகு லான்ட்மாஸ்டரில் ஏற்றிக்கொண்டு களஞ்சியத்துக்குப் போனால், தம்பி ஒருவர் ஒரு பிடி நெல்லைக் கருவியில் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்வார்: “ஈரம் கூட அண்ணை. காயவிட்டுக் கொண்டு வாங்கோ.”

கடைசி யுத்தத்தில் முள்ளிவாய்க்கால்வரை நடந்து, மெனிக் பாம் முகாமின் முட்கம்பிக்குள் கிடந்து, திரும்பிவந்து பற்றைக்காடாய்க் கிடந்த வயலை வெட்டித் திருத்திய மனிசனுக்கு நெல் காயப்போடத் தெரியாதாம். உள்ளங்கையளவு பெட்டி ஒன்று சொல்கிறது. வெளியே வியாபாரி நிற்கிறார். அவருக்கு ஈரம் பிரச்சினையில்லை, விலையில் கழித்துக்கொள்வார். மெசின் வாடகை, உரக்கடைக் கடன், அடகுவட்டி எல்லாம் அறுப்பு அன்றே வாசலில் வந்து நிற்கும். கடனில் ஈரமே கிடையாது.

ஆனால் இந்த நாடு பழுதென்று ஒதுக்கிய சரக்குக்கும் காசு கொடுத்திருக்கிறது. 2021 மேயில் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தார்கள். கமக்காரன் மஞ்சளித்த பயிரைப் பார்த்துக்கொண்டிருக்க, அப்போதைய சனாதிபதி கோட்டாபய கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் சேதன விவசாயப் பெருமை பேசினார். சீனாவிலிருந்து ‘ஹிப்போ ஸ்பிரிட்’ கப்பல் சேதன உரத்தோடு வந்தது. மாதிரியில் எர்வினியா பக்டீரியா என்று நம் அதிகாரிகள் மறித்தார்கள். ஒரு மூட்டைகூட இறங்கவில்லை. ஆனாலும் 2022 சனவரியில் அந்தச் சீனக் கம்பெனிக்கு மக்கள் வங்கி ஏறத்தாழ 69 இலட்சம் டொலர் கட்டியது. அந்தப் போகத்தில் விளைச்சல் விழுந்து அழிந்த கமக்காரன் சீனக் கம்பெனி இல்லையே, அவனுக்கு யார் அவ்வளவு மரியாதை செய்வது!

ஆகவே கமக்காரர் அமைப்புகள் ஒரு தீர்மானம் நிறைவேற்றட்டும். ஈரம் கூடிய நெல்லையெல்லாம் கப்பலில் ஏற்றிக் கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போடுங்கோ. தப்பித்தவறியும் இறக்கிப்போடாதேங்கோ. அதிகாரிகள் மாதிரி எடுத்துப் ‘பழுது’ என்று எழுதித் தந்தால் இன்னும் நல்லது. அந்தக் கடிதத்தோடு நேரே மக்கள் வங்கிக்குப் போகலாம். போகும்போது அடகுச் சீட்டையும் கையோடு கொண்டுபோங்கோ.